நான் போட்ட சிவப்புக் கோடு

பிள்ளைகளே, எனக்கு எட்டாவது வரைதான் படிப்பு. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். ரயில்வேயில் நிரந்தர வேலை கிடைக்கும் முன்னால், தற்காலிக கேங்மேனாகத் தண்டவாள வேலை பார்த்தபோது ஒரு நாள் நடந்ததை உங்கள் அம்மாவிடம்கூடப் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

சங்கரன்கோவில் ஸ்டேஷனைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் ஓர் ஓடைப்பாலம் வரும். வருஷத்தில் முக்கால்வாசி நாள் அதன் அடியில் ஆடுதான் படுத்திருக்கும். இந்தப் பாதை போட்ட காலத்தில் அதைக் கட்டிய எஞ்சினியரைப் பற்றி எங்கள் மேட் அடிக்கடி சொல்லுவார். மேட் என்றால் எங்கள் கேங்குக்குத் தலைவர். அவருடைய அப்பா அந்த எஞ்சினியருக்கு அளவுச் சங்கிலி பிடித்தவர். எஞ்சினியர் சின்ன உத்தியோகத்தில் வந்த இளவயதுக்காரராம். ஊர் ஊராகப் போய், வெள்ளம் எதுவரை வந்தது என்று விவசாயம் பார்க்கும் சம்சாரிகளிடம் கேட்டு, பாலத்தின் கரைச்சுவரில் ஒரு கோடு வெட்டவைத்தாராம். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் ரயிலை நிறுத்திவிட வேண்டும். யாரிடமும் கேட்க வேண்டாம். பிறகு அவர் படிப்படியாக ஏறி, ரயில்வே முழுவதையும் நிர்வாகம் செய்யும் இடத்துக்குப் போனார். அப்போதும் இந்தப் பக்கம் வந்தால், தண்டவாளத்தில் ஆட்கள் தள்ளிப் போகும் டிராலியை நிறுத்தி, கீழே இறங்கி, கோட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவாராம்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு பெரிய அதிகாரியின் இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. இன்ஸ்பெக்‌ஷன் என்றால் கண்ணில் பட்ட கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்போம். கரைச்சுவருக்கு வெள்ளையடித்து, கோட்டுக்குச் சிவப்பு தீட்டுவது என் பங்கு. வருஷக்கணக்காக அடித்த சுண்ணாம்பில் வெட்டு தூர்ந்துபோயிருந்தது. தடவித் தடவிப் பார்த்தேன், தட்டுப்படவில்லை. பொழுதோ சாய்ந்துகொண்டிருந்தது. கல் இணைப்பு நேராக இருந்த இடமாகப் பார்த்து, கயிறு பிடித்துக் கோடு போட்டுவிட்டேன். அழகாகத்தான் இருந்தது. மறுநாள் அதிகாரி வண்டியில் இருந்தபடியே பார்த்துவிட்டுப் போனார். நிரந்தரமாக்கும் பட்டியலுக்கு என் பெயரும் போயிருப்பதாக மேட் சொன்னார். மூத்தவள் அப்போது வயிற்றில் இருந்தாள்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. மேலே ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய, ஓடையில் வெள்ளம் வந்தது. பாலத்துக்குக் காவலாக என்னைப் போட்டார்கள். கையில் சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, தண்டவாளத்தில் வைக்கிற வெடிகள்; சக்கரம் ஏறியதும் வெடித்து, வண்டியை நிறுத்தச் சொல்லி டிரைவரை எச்சரிக்கும். காலைப் பாசஞ்சர் வரும் நேரம். என் கோட்டுக்குத் தண்ணீர் இன்னும் ஒரு முழம் ஏற வேண்டும். பச்சைக் கொடி காட்டலாம். காட்டினால் ஒருவரும் என்னைக் கேட்க முடியாது.

ஆனால் அந்தக் கோட்டைப் போட்டது யார் என்று எனக்குத் தெரியுமே. காரணமில்லாமல் வண்டியை நிறுத்திய தற்காலிக ஆளை மறுநாள் வேலைக்கு வைத்திருப்பார்களா? நிறுத்தாமல் விட்டு, பாலம் போய்விட்டால்? கை பச்சைக் கொடிக்கும் சிவப்புக் கொடிக்கும் மாறி மாறிப் போனது.

கொடிக் கம்பை ஊன்றி இறங்கினேன். இடுப்பளவு தண்ணீர் இழுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினேன். ஊறிய சுண்ணாம்பு பிளந்து வந்தது. ஒரு சாண் ஆழத்தில் விரல் ஒரு பள்ளத்தில் இறங்கியது. பள்ளம் சுவரோடு நேராக ஓடியது.

ஏறி ஓடினேன். வெடிகளை வைத்துவிட்டு, சிவப்புக் கொடியோடு நின்றேன். வெடிச் சத்தம் கேட்டு வண்டி நின்றது. ஜன்னலில் ஒருவர், "முழங்கால் தண்ணிக்கு வண்டிய நிறுத்துதான் பாருவே" என்றார். பெட்டி முழுக்கச் சிரித்தது.

டிரைவர் இறங்கி வந்து பாலத்தைப் பார்த்தார். "கோட்டுக்குத் தண்ணி வரலியேப்பா?"

"அந்தக் கோடு நான் போட்டது சார். தப்பாப் போட்டுட்டேன். அசல் கோடு தண்ணிக்குள்ள கெடக்கு."

அதற்குள் மேட் நனைந்துகொண்டே வந்துவிட்டார். கேட்டதும் அவர் முகம் இருண்டது.

"நிச்சயமாத் தெரியுமாலே?"

"விரல விட்டுப் பாத்துட்டேன் அண்ணாச்சி."

அவரும் இறங்கித் தடவிப் பார்த்தார். மேலே வந்து, என் முகத்தைப் பார்க்காமலே, வண்டி நிற்கட்டும் என்று டிரைவரிடம் சொன்னார்.

மத்தியானம் தண்ணீர் வடிந்தது. கரைச்சுவருக்குப் பின்னால் மண் அரித்திருந்தது. வண்டி போயிருந்தால் தாங்கியிருக்குமா என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கல்லைப் போட்டு அடைத்து, வண்டியை நடை வேகத்தில் அனுப்பினோம். டிராலியில் வந்த ரயில்பாதை இன்ஸ்பெக்டர் என்னிடம் எழுதி வாங்கினார். வண்டியை ஏன் நிறுத்தினேன் என்றும், கோட்டை ஏன் தப்பாகப் போட்டேன் என்றும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தேன்.

அந்தப் பட்டியலில் என் பெயர் வரவில்லை. அடுத்த பட்டியலில்தான் வந்தது. அதுவரை ஸ்டேஷனிலிருந்து யார் வந்தாலும், என்னை வேலையைவிட்டு நிறுத்தச் சொல்லத்தான் வருகிறார்கள் என்று மண்வெட்டியைக் கீழே வைத்துவிடுவேன்.

வெட்டைச் சுரண்டித் திறக்கும் வேலையையும் எனக்கே கொடுத்தார்கள். திறந்தேன். மேலே நான் போட்ட கோட்டின் மீது மூன்று தடவை சுண்ணாம்பு அடித்தேன். பெயர் வந்த அன்று போய்ப் பார்த்தபோதும், வெள்ளைக்குள்ளிருந்து சிவப்பு லேசாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது.