நீல நூல் கட்டிய டம்ளர்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். கதிர்வீச்சைப் பற்றி எழுத உனக்கென்ன தெரியும் என்று கேட்கிற படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒரு எவர்சில்வர் டம்ளர். அதன் விளிம்புக்குக் கீழே நீல வலைநூல் இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கும்.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மருத்துவமனையில், புற்றுநோய்க்குக் கதிர் வைக்கும் பிரிவில் நான் உதவியாளர். டம்ளர்க்காரர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்திலிருந்து வருவார். தொண்டையில் கட்டி. வலைக்காரர் என்றே அவரைச் சொல்வோம். தண்ணீர்ப் பானையருகே பொது டம்ளர் இருந்தாலும் அவர் தொடமாட்டார். பையிலிருந்து தன்னுடையதை எடுத்துக் குடித்து, கழுவி, உள்ளே வைத்துக்கொள்வார். சுத்தம் பார்க்கிறவர் போலும் என்று நினைத்திருந்தேன்.

நான்காவது வாரம் அவர் மனைவி மூன்று வயது மகளோடு வந்தார். அப்பாவைக் கண்டதும் குழந்தை கை நீட்டியது. அவர் பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்தார்.

“பொண்ணு கை நீட்டிகினே கீது. நீ இன்னா கல்லா?” என்றார் மனைவி.

“அப்பால இட்டுகினு போ. எம்மேல கதிரு வீச்சம் கீது. மீன் வீச்சமே சோப்பு போட்டா போவல, இது போயிடுமா? கொயந்தையத் தொடாதேன்னு அந்த அக்காவே சொல்லிச்சி.”

கதிர் மெஷினை இயக்கும் டெக்னீஷியன் பெண் என்னைப் பார்த்தாள். பொத்தேரிக் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவள், என் மகள் வயது. நான் கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்தேன்.

சொன்னது நான்தான். மாடியில் தைராய்டுக்காக அயோடின் மருந்து குடித்தவர்களிடம் நர்ஸ் அப்படிச் சொல்வதைக் கேட்டிருந்தேன். கதிர் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று, வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று முதல் நாள் அவர் கேட்டபோது அதையே சொல்லிவிட்டேன்.

அவள் என்னை உள்ளே அழைத்துப்போனாள். கோபப்படவில்லை.

“எல்லாம் ஒண்ணு இல்லக்கா. ஆல்பாவ ஒரு தாளே தடுத்துடும். பீட்டாவுக்கு ஒரு தகடு போதும். காமாவும் எக்ஸ்ரேயும் உடம்பையே தாண்டிப் போகும். அதுக்குத்தான் இவ்ளோ மொத்தமா சுவரு. அயோடின் குடிச்சவங்க உடம்புல மருந்து கொஞ்ச நாள் தங்கும், உள்ளேர்ந்து கதிர் வந்துட்டே இருக்கும். நம்ம மெஷின் அப்படியா? லைட்டை அணைச்சா வெளிச்சம் சுவத்துல ஒட்டிக்குமா?”

ஒட்டாது. அது எனக்கும் புரிந்தது.

“நான் போய்ச் சொல்லிடவா?” என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. ஆனாலும் இது நான் சொல்ல வேண்டியது. வெளியே வந்து அவர் எதிரில் நின்றேன்.

“அண்ணே, நான் தப்பாச் சொல்லிட்டேன். உங்க மேல ஒண்ணும் ஒட்டல. குழந்தையத் தூக்கலாம்.”

அவர் திட்டவில்லை. “மூணு வாரமா வாசல்ல படுத்துகினு கீறேன்கா” என்றார், கரகரத்த குரலில். பிறகு உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார். “மீனுதான்” என்றார். அதற்குள் குழந்தை அவர் மடியில் ஏறிவிட்டது.

இன்றும் அதே பிரிவில்தான் இருக்கிறேன். புதிதாக வருகிறவர் யாராவது தனி டம்ளர் எடுத்தால், நானாகவே பக்கத்தில் போய் ஏன் என்று கேட்கிறேன். தெரியாததை டெக்னீஷியனிடம் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.

அன்று மகளை மடியில் வைத்துக்கொண்ட வலைக்காரர், மறுநாள் தன் டம்ளரைக் கொண்டு வரவில்லை. பானையருகே இருந்ததில் குடித்தார்.