யானைப் படத்துக்கு ஒரு சட்டம்

தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ராசாத்தாளுக்கும் அவள் வீட்டுக்காரர் ஆறுச்சாமிக்கும் ஒரு தோட்டம் இருக்கிறது. பாதி வாழை, மீதி சின்ன வெங்காயம், வரப்போரம் தென்னை. யானை என்றால் அந்த வீட்டில் யாருக்கும் கும்பிடத் தோன்றாது. போன வருஷம் குலை தள்ளி நின்ற வாழையை ஒரே ராத்திரியில் துவைத்துவிட்டுப் போயிருந்தது. ஆறுச்சாமி அன்றைக்கெல்லாம் சோறு தண்ணி இல்லாமல் கட்டிலில் கிடந்தார். ராசாத்தாள் படுக்கவில்லை. பழைய எண்ணெய் டின் ஒன்றையும் ஒரு குச்சியையும் எடுத்துத் தோட்டத்து வீடான சாளையின் வாசலில் வைத்தாள். அதற்குப் பிறகு ஓடைப்பக்கம் கிளை முறிகிற சத்தம் கேட்டால் போதும், டின்னைத் தட்டியே பக்கத்துத் தோட்டங்களை எழுப்பிவிடுவாள். வாயும் சும்மா இருக்காது. "அக்கா திட்டறதுக்குப் பயந்துட்டே அது மலையேறிருமுங்க" என்று வனத்துறைக்காரர்களே சொல்வார்கள்.

அந்தத் தோட்டத்துக்குத்தான் ஹர்ஷிணி வந்தாள். பீளமேட்டில் ஒரு கல்லூரியில் புகைப்படம் எடுக்கக் கற்றுத்தருபவள், முப்பது வயது இருக்கும். ஊரும் காடும் உரசிக்கொள்கிற இடத்தில் என்னென்ன உயிர் நடமாடுகிறது என்று படமெடுத்துக் கண்காட்சி வைக்க வேண்டுமென்பது அவள் எண்ணம். ஓடைக்கரைத் தென்னையில் ஒரு கேமராவைக் கட்டிவைக்கட்டுமா என்று கேட்டாள். முன்னால் ஏதாவது அசைந்தால் அது தானாகவே படம் பிடித்துக்கொள்ளுமாம்.

"கட்டிக்க அம்மணி. ஆனா பளிச்சுனு வெளிச்சம் அடிக்கக் கூடாது. மாடு மிரண்டுபோயிரும்" என்றாள் ராசாத்தாள்.

ஹர்ஷிணி ஃப்ளாஷ் இல்லாமலே கட்டிவைத்துவிட்டுப் போனாள். அதனால் விடிகிற நேரத்திலும் பொழுது சாய்கிற நேரத்திலும் மட்டும்தான் படம் விழுந்தது. கீரி, மயில், மரநாய், வேப்பங்குச்சியும் வாயுமாக ஆறுச்சாமி. ராசாத்தாள் அதைப் பார்த்து ரொம்ப நேரம் சிரித்தாள்.

மார்கழியில் ஒரு நாள் த்ரீ ஃபேஸ் கரண்ட் விடிவதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. ராசாத்தாள் எழுந்து மோட்டாரைப் போட்டுவிட்டு ஓடைக்கரை வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டப் போனாள். தொட்டியில் தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் வேறொன்றும் காதில் விழவில்லை. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, குனிந்து, மண்வெட்டியால் ஒரு பாத்தியை அடைத்து அடுத்ததைத் திறந்துவிட்டாள். பொழுது வெளுக்கிறவரைக்கும் அதுதான் வேலை. முடிந்ததும் சாளைக்கு வந்து காப்பி வைத்தாள். அவளைப் பொறுத்தவரை அன்றைக்கு நடந்தது அவ்வளவுதான்.

அடுத்த வாரம் ஹர்ஷிணி வந்து கேமராவிலிருந்து கார்டை எடுத்துப் போனாள். மறுநாளே திரும்பி வந்தாள். முகம் சரியில்லை. ஆறுச்சாமியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனை நீட்டினாள்.

"அக்கா, இதப் பாருங்க. இனிமே இருட்டோட தனியாப் போகாதீங்க."

உள்ளங்கையளவு திரையில் புகைமூட்டமாக என்னவோ தெரிந்தது. ராசாத்தாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "இது நானா? சரி, பின்னாடி ஆனை நிக்குதா. வெங்காயத்த மிதிச்சுப்போட்டுதா?"

"இல்லீங்க்கா."

"அப்பறமென்ன" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆறுச்சாமிதான் எழுந்து வெளியே போனார். அன்றிலிருந்து தண்ணீர் கட்டப் போகும்போதெல்லாம் கையில் டார்ச்சோடு அவரும் கூடவே போனார். 

அந்தப் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாகப் போட்டுக் கண்காட்சியில் நடுச்சுவரில் வைக்க ஹர்ஷிணி ஆசைப்பட்டாள். ராசாத்தாள் சம்மதிக்காமல் வைக்க அவளுக்கு மனசில்லை.

"மூஞ்சி தெரியுமா?" என்றாள் ராசாத்தாள்.

"பாதி தெரியுமுங்க்கா."

"நல்ல சீலையாக் கட்டிட்டுப் போயிருக்கலாம். சரி, வெச்சுக்க."

"சட்டம் போடக் கடைக்குப் போறேன். நீங்களும் வாரீங்களா? உங்க படம், நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அப்படித்தான் தை மாதத்தில் ஒரு மத்தியானம் ராசாத்தாள் உக்கடத்தில் பஸ் இறங்கினாள். ஹர்ஷிணி வந்து அழைத்துப் போனாள். படங்களுக்குச் சட்டம் போடுகிற மெஹராஜின் கடை பெரிய பள்ளிவாசலுக்குப் போகிற சந்தில் இருக்கிறது. நாற்பதைத் தாண்டிய மெஹராஜ் அதை ஒற்றை ஆளாக நடத்துகிறாள். சுவரெல்லாம் சட்டங்களின் மூலைத்துண்டுகள், ஆணியில் வரிசையாகத் தொங்கின. கல்யாணப் படம், பட்டம் வாங்கிய படம், மக்காவின் படம், மருதமலை முருகன் எல்லாம் ஒன்றோடொன்று சாய்ந்து நின்றன.

"வாங்கக்கா, உக்காருங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள் மெஹராஜ். நடுவில் கிடந்த நீள மேசையைத் துடைத்து, துணி விரித்து, ஹர்ஷிணி கொண்டுவந்த படச்சுருளைப் பிரித்தாள். இரண்டு பேருமாக ஆளுக்கொரு பக்கம் பிடித்து மெதுவாக விரித்துக்கொண்டே வந்தார்கள். முதலில் வாழை இலை தெரிந்தது. பிறகு பனி. பிறகு ஒரு கால். கால் வந்துகொண்டே இருந்தது. நகம், முட்டி, தொடைச் சுருக்கம், அதற்கு மேல் வயிறு, செம்மண் அப்பிய காது. ராசாத்தாள் ஸ்டூலிலிருந்து எழுந்துகொண்டாள்.

கடைசியாகத்தான் அவளே வந்தாள். மேசையின் அந்தக் கோடியில், குனிந்து, மண்வெட்டியோடு. யானையின் துதிக்கை அவள் தலைத்துண்டுக்கு மேலே, ஒரு முழம் தள்ளி, காற்றில் அப்படியே நின்றிருந்தது. அவளை மோந்து பார்த்திருக்கிறது. கண் தெளிவாகத் தெரிந்தது. சின்னக் கண், இமைமயிர் நீளம் நீளமாக. அது அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

 ராசாத்தாளின் கை தானாகப் பிடரிக்குப் போயிற்று. அந்த இடத்தில் அன்றைக்கு மூச்சுக்காற்று பட்டிருக்க வேண்டும். பனிக்காற்று என்று நினைத்திருப்பாள். டின்னைத் தட்டித் தட்டி விரட்டினாளே, அவள் வாய்க்குப் பயந்து ஓடியதென்று நம்பினாளே, அது இதுதானா. இவ்வளவு பெரிதா. போனில் பார்த்தபோது கையகலத்தில் இருந்தது, இங்கே மேசைக்கு அடங்காமல் கிடந்தது. ஒரு எட்டு வைத்திருந்தால் போதும். வைக்கவில்லை. வெங்காயப் பாத்தியைக்கூட மிதிக்காமல், வரப்பில் ஒரு கால், வாய்க்காலில் ஒரு கால் என்று பார்த்துப் பார்த்து ஊன்றியிருந்தது.

"தண்ணி குடிக்கறீங்களாக்கா?" என்றாள் மெஹராஜ்.

ராசாத்தாள் வாங்கிக் குடித்தாள். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சட்டம் பாக்கலாமுங்க" என்றாள்.

முதலில் அவள் கைகாட்டியது பூவேலை செய்த தங்கநிறச் சட்டம். பிள்ளையாருக்கு அதுதான் போடுவார்கள். மெஹராஜ் அதன் மூலைத்துண்டை எடுத்துப் படத்தின் ஓரத்தில் வைத்தாள். பனி மொத்தமும் அழுக்கு மஞ்சளாகிப்போயிற்று. ராசாத்தாளே தலையாட்டிவிட்டாள். "வேண்டாமுங்க. காலண்டர் மாதிரி ஆயிப்போச்சு."

ஹர்ஷிணி கனத்த கறுப்புச் சட்டத்தைக் கேட்டாள். கண்காட்சிகளில் பெரும்பாலும் அதுதான். இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தார்கள். படம் எடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் ராசாத்தாள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து பார்த்துவிட்டு, "கூண்டுக்குள்ள நிக்கற மாதிரி இருக்குதுங்க. ஆனையும் நானும்" என்றாள். ஹர்ஷிணிக்கும் அப்படித் தோன்றிவிட்டது. தோன்றிய பிறகு வேறு மாதிரி பார்க்க முடியவில்லை. தேக்குநிறம் வைத்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்க்கிற மாதிரி, யானை அந்தப் பக்கமும் தாங்கள் பத்திரமாக இந்தப் பக்கமும் இருப்பதுபோல் ஆகிவிட்டது. அதுவும் சரிப்படவில்லை. கண்ணாடித் துண்டு ஒன்றை மேலே வைத்தபோது ட்யூப்லைட்டும் மூன்று பேர் முகமும்தான் தெரிந்தன.

"கண்ணாடி வேண்டாம், மேட் லேமினேஷன் போட்டுக்கலாம். பளபளக்காது" என்று மெஹராஜ் சொல்லிவிட்டு, அளவு நாடாவோடு குனிந்தாள். "எந்தச் சட்டம் போட்டாலும் ஓரத்துல கொஞ்சம் உள்ள போயிருமுங்க. அந்த விளிம்புதான் படத்தைப் பிடிச்சு நிறுத்தும். இந்த இடதுபக்கம் என்னமோ கறுப்பா இருக்குதே, மறைஞ்சா பரவாயில்லீங்களா?"

"கல்லா இருக்கும்" என்றாள் ஹர்ஷிணி.

"அங்க கல்லு ஏது?" ராசாத்தாள் வந்து குனிந்தாள். வாழைக்கு அந்தப் பக்கம், யானையின் பின்னங்காலுக்கும் பின்னால், விரல்நீளத்துக்கு வளைந்த ஒரு கறுப்பு. மூன்று தலைகளும் ஒரே இடத்தில் குனிந்தன. மெஹராஜ் மேசைவிளக்கை இழுத்துப் பிடித்தாள். ஹர்ஷிணி பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து, அந்தப் படத்தைத் திறந்து, அந்த மூலையை மட்டும் பெரிதாக்கி வெளிச்சத்தைக் கூட்டினாள். இருட்டுக்குள்ளிருந்து ஒரு சின்னத் துதிக்கையின் நுனி வந்தது. வாழைச்சருகு ஒன்றைச் சுற்றிப் பிடித்திருந்தது.

 குட்டியோடு இருக்கிற யானை எப்படிப்பட்டதென்று மலையடிவாரத்தில் பிறந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. குட்டி பக்கத்தில் இருக்கும்போது நாய் குரைத்தாலே துரத்தும். அப்படிப்பட்டது, தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த பொம்பளையை மோந்து பார்த்துவிட்டு, குட்டியை அழைத்துக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறது.

"அல்லாஹ்" என்றாள் மெஹராஜ், மூச்சோடு மூச்சாக.

ராசாத்தாள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "பெத்தவளா அது" என்றாள். பிறகு அதே சொல்லை மறுபடியும் சொன்னாள். வாழை போனபோது வராத கண்ணீர் அப்போது வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "அது மறையக் கூடாதுங்க. என்ன சட்டம் போட்டாலும் சரி, அந்தக் குட்டி மறையக் கூடாது" என்றாள்.

மெஹராஜ் உள்ளே போய் இன்னொரு மூலைத்துண்டைக் கொண்டுவந்தாள். தட்டுமாதிரிப் பின்பக்கம் இருக்கிற சட்டம். படத்தைப் பலகையில் ஒட்டி அதற்குள்ளே இறக்கிவைத்தால் சுற்றிலும் விரலளவு இடைவெளி நிற்கும். விளிம்பு எதையும் மூடாது. நிறமும் கறுப்பில்லை, வெயிலிலும் மழையிலும் கிடந்த வேலிக்கட்டையின் சாம்பல்நிறம். ஓரத்தில் வைத்ததும் சட்டம் இருப்பதே கண்ணில் படவில்லை. பனி அப்படியே வெளியே வழிந்து வருகிறமாதிரி இருந்தது.

"இதான்" என்றாள் ராசாத்தாள். ஹர்ஷிணியும் அதையேதான் சொல்ல வாயெடுத்தாள்.

கண்காட்சி மாசி மாதத்தில் கல்லூரிக் கூடத்தில் நடந்தது. மாட்டுவதற்கு மெஹராஜே வந்திருந்தாள். கண் மட்டத்துக்கு மாட்டுவதுதான் வழக்கமாம். அவளோ, "இத எறக்கி மாட்டலாமுங்க மிஸ்" என்று தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் விட்டு மாட்டினாள். அப்போதுதான் படத்திலிருந்த வரப்பு கூடத்தின் தரையோடு வந்து சேர்ந்தது. யானை நடந்துவந்து நின்றதுபோல் நின்றது. பேசிக்கொண்டே உள்ளே வந்த பிள்ளைகள் அந்தச் சுவர் வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். செல்ஃபி எடுக்க வந்த ஒருத்தி போனைக் கீழே இறக்கிவிட்டுச் சும்மா நின்றாள்.

ராசாத்தாள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். படத்தில் இருப்பது அவள்தான் என்று பலருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒரு பையன் வந்து, "பயமா இல்லீங்களா?" என்று கேட்டான்.

"தெரிஞ்சாத்தான பயப்பட? இப்பத்தான், கண்ணு, பயமா இருக்குது. பயம்னும் சொல்ல முடியல. கோயில்ல நடை தொறக்கறப்ப ஒண்ணு வருமில்ல, அது மாதிரி."

ஆறுச்சாமி பிந்தித்தான் வந்தார். படத்தைப் பெரிதாக அவர் பார்ப்பது அதுவே முதல்தடவை. தூரத்தில் கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். யானையைப் பார்த்தார், குனிந்திருந்த மனைவியைப் பார்த்தார், ஓரத்திலிருந்த குட்டியின் துதிக்கையை ஹர்ஷிணி காட்ட, அதையும் பார்த்தார். கூடத்தில் கூட்டம் குறைந்ததும் மெல்ல நடந்து படத்துக்குப் பக்கத்தில் போனார். அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி, மண்வெட்டி பிடிக்கிறமாதிரிக் கொஞ்சம் குனிந்து நின்றார். வேட்டி நுனி சட்டத்தில் உரசியது.

கொஞ்ச நேரம்கூட நிற்க முடியவில்லை. திரும்பிப் பார்த்துவிட்டார்.

"முடியல அம்மணி" என்றார் ராசாத்தாளிடம்.  "படம்னு தெரிஞ்சும் முடியல."

ராசாத்தாள் பக்கத்தில் போய் நின்றாள். வாட்ச்மேன் வந்து விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்கிறவரைக்கும் இரண்டு பேரும் யானையின் அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.