தட்டு பிடித்த கைகள்

அந்தப் படத்தில் என் கைகள் மட்டும்தான் இருக்கின்றன. நடுவில், மணவறைக் கதிரையில், பட்டுச் சேலையும் நெற்றிச்சுட்டியுமாக மச்சாள் உட்கார்ந்திருக்கிறாள். ஓரத்தில் முழங்கையோடு வெட்டுப்பட்ட இரண்டு மெலிந்த கைகள் ஆராத்தித் தட்டைப் பிடித்திருக்கின்றன. திரிச் சூட்டுக்குப் பயந்து வலது பெருவிரல் மட்டும் விளிம்பை விட்டு எழும்பி நிற்கிறது. "தங்கச்சி, கொஞ்சம் அங்கால நில்லுங்கோ" என்று படம் எடுத்தவர் சொன்னது இப்போதும் கேட்கிறது.

அவள் மாமாவின் மகள். எனக்கும் அதே வயது. அவள் பெரியபிள்ளையானபோது சாமத்திய வீட்டுக்கு லண்டன் ஹவுன்ஸ்லோவில் மண்டபம் எடுத்தார்கள். தட்டு எங்களுடையது, அம்மா இரவல் கொடுத்தது. அதே ஆண்டில் நானும் பெரியபிள்ளையானேன். ஆனால் அப்பாவின் அகதி வழக்கு குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் இழுபட்டுக்கொண்டிருந்தது. உனக்குப் பிறகு செய்வம் என்றார் அம்மா. வழக்கு முடிந்தபோது அந்தப் பேச்சை எடுக்க யாருமில்லை. நான் படித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்ததும், பட்டம் வாங்கியதும், வழக்கறிஞரானதும் நான்தான். மச்சாள் பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டாள். சனம் என்னைப் பாராட்டியது; அவளைப் பார்த்தது. இரண்டுக்கும் உள்ள தூரம் எனக்குத்தான் தெரியும்.

அவள் புகைப்படக் கலைஞர் ஆனாள். கிழமைதோறும் உளப்பகுப்பாய்வாளர் ஒருவரிடம் போய், சோபாவில் படுத்தபடி மனதில் வருவதையெல்லாம் சொல்லுவாள். வெளியே வந்ததும் ஒருவரோடும் பேசமாட்டாள். நேரே ஸ்டூடியோவுக்குப் போய், சொன்னதில் எது தொண்டையில் நிற்கிறதோ அதைத் தானே நடித்துப் படமெடுப்பாள். கண்ணாடி பார்ப்பதில்லை, அழகாக நிற்கத் தொடங்கினால் பொய் வந்துவிடுமாம். கேட்கக் கேட்க எனக்கு எரியும். எங்கள் வீட்டில் தன்னைப் பற்றி விவரமாகச் சொன்ன ஒரே ஆள் அப்பா. அதுவும் குரோய்டன் அதிகாரியிடம்.

போன மாரியில் அவள் குட்மேய்ஸுக்கு எங்கள் வீடு தேடி வந்தாள். பழைய படத்தை உளப்பகுப்பாய்வாளரிடம் காட்டினாளாம். முதலில் எதைப் பார்க்கிறீர்கள் என்று அவர் கேட்க, என் கைகளைக் காட்டினாளாம். இப்போது அந்தப் படத்தைத் திரும்ப எடுக்க வேண்டும், தட்டு வேண்டும் என்றாள்.

"கதிரையில நீ இரு. நான் தட்டோட நிக்கிறன்."

"இவ்வளவு காலத்துக்குப் பிறகு உன்ர மிச்சத்தில இருக்கவோ?"

"எடி, அண்டைக்கு எனக்கு உன்னில சரியான எரிச்சல். நீ தட்டை வைச்சிட்டு எங்கயும் போகலாம். எனக்கு எழும்ப ஏலாது."

"தட்டை வைச்சிட்டு எங்க போறது?"

நான் வரமாட்டன் என்று சொல்லிவிட்டேன். அம்மாதான் தட்டைத் துடைத்து, பேப்பரில் சுற்றிக் கொடுத்தனுப்பினார்.

அவள் திரும்ப எடுத்த படம் இப்போது கண்காட்சிச் சுவரில் ஆளுயரத்தில் தொங்குகிறது. மச்சாள் தட்டோடு நிற்கிறாள். பக்கத்தில் கதிரை வெறுமையாக இருக்கிறது. அந்த வெறுங்கதிரைதான் படத்தின் உயிர், என்ன துணிச்சலான யோசனை என்று ஒரு பெண் தன் தோழிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அது யோசனையில்லை, நான் போய் இருக்காத இடம் என்று சொல்ல வாய்வரை வந்தது. கிட்டப்போய்ப் பார்த்தேன். அவளுடைய வலது பெருவிரல் விளிம்பை விட்டு எழும்பி நின்றது. பழைய படத்தில் அதைக்கூடக் கவனித்திருக்கிறாள். இந்த முறை படம் முழங்கையோடு நிற்கவில்லை. கைகளுக்கு மேலே தோள் இருந்தது, தோளுக்கு மேலே முகம் இருந்தது. முகம் அவளுடையது.