ஒரு முறம் தவிடு

எனக்கு எழுபத்தெட்டு வயது, பெற்று வளர்த்தது ஐந்து; இத்தனைக்குப் பிறகும் எங்கேயாவது தவிடு புடைக்கும் அந்த இனிப்பான தூசி வாசம் மூக்கில் ஏறினால், நிர்மலாவின் மேல் எனக்கு வயிறு எரிகிறது.

தேன்கனிக்கோட்டைக்குப் பக்கத்தில், ஒரே சுவரை நடுவில் வைத்துக் கட்டிய இரண்டு வீடுகளில், ஒரே செவ்வாய்க்கிழமை, ஒரே மருத்துவச்சி கையில் நாங்கள் இருவரும் பிறந்தோம். முதல் பல் விழுந்ததும் ஒரே நாள், அம்மை போட்டதும் ஒரே வாரம். பெயர் மட்டும் வேறு. அவளுடைய அப்பா பெங்களூரில் மில் வேலை பார்த்தவர். அங்கே பெரிய வீட்டுப் பெண்களுக்கு இப்போது வைக்கிற பெயர் என்று கேட்டு வந்து வைத்தார். எனக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை என்பதால், என்னை நிர்மலாவின் அம்மா சென்னம்மா அத்தையின் மடியில் போட்டு, "இது உன் பிள்ள" என்று கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவிட்டுக்குத் திரும்ப வாங்கினார்கள். வாங்கின பிள்ளையை எமன் தேடமாட்டானாம். அதனால் நான் "தவுட்டம்மா". தெருப் பிள்ளைகள் சும்மா விடுவார்களா? "ஏ தவுடு, எரும உன்னத் தேடுது" என்பார்கள். நிர்மலா சிரிக்கமாட்டாள், அது இன்னும் எரிச்சல்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வருஷம், பெயரை நோட்டில் எழுதிவிட்டால் மாற்ற முடியாது என்று கேள்விப்பட்டு, சேர்வதற்கு முந்தின நாள் அத்தையிடம் போய் நின்றேன்.

"அத்த, நான் மொதல்ல உன் பிள்ளதானே. நீயே எனக்குப் பேரு வை. நிர்மலான்னு வை."

"அந்தப் பேருல ஒருத்தி இருக்காளேடி இங்க."

"அவளுக்கு வேற வச்சுக்க."

அத்தை சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "உனக்கு முந்தி மூணுக்கும் உங்கம்மா தேடித் தேடி நல்ல பேராத்தான் வச்சா கண்ணு. போய் வெளையாடு."

மறுநாள் வாத்தியார் பெயர் கேட்டபோது நான் நிர்மலா என்றேன். பின்னால் நின்ற நிர்மலாவும் நிர்மலா என்றாள். "ரெண்டும் நிர்மலாவா, சரி" என்று எழுதிக்கொண்டார். மத்தியானம் சேதி கேட்டு, களி கிண்டிய துடுப்பைக்கூட கீழே வைக்காமல் அம்மா ஓடி வந்தாள்.

"அய்யா, அத அடிச்சிடுங்க. இவ அந்த மாதிரி பேரு வக்கிற பிள்ள இல்ல, வாங்கின பிள்ள."

திரும்பி வரும்போது என் மணிக்கட்டை அவள் பிடித்த பிடியில் கண்ணாடி வளையல் உடைந்தது. அம்மாவின் பயத்தை அன்றுதான் பார்த்தேன். பார்த்தும், அடுத்த நாள் வாத்தியார் நிர்மலா பெயரைக் கூப்பிட்டபோது "உள்ளேன்" சொல்ல என் நாக்கு துடித்தது. இரண்டாம் வகுப்போடு நான் நின்றேன். அவள் எட்டு வரை போனாள்.

கல்யாணமும் எங்களுக்கு ஒரே முகூர்த்தம். ஐந்தாறு வருஷம் கழித்து, இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த நிர்மலா மூன்றாவதைக் கொண்டு வந்து என் மடியில் போட்டாள். "நீதான்டி பேரு வைக்கணும்." ஆயுசெல்லாம் நல்ல பெயருக்கு ஏங்கியவள் நான், வாயில் எத்தனையோ வந்தன. குழந்தையின் காதில் "தவுட்டம்மா" என்றேன். நிர்மலாவின் முகம் சுருங்கியது. எனக்கு அப்போது கொஞ்சம் இனித்தது, அதை மறைக்கமாட்டேன். பிறகு அவள் தவிட்டு முறத்தை நீட்டிவிட்டு, நான் அதைத் தொடுவதற்குள் பிள்ளையைப் பறித்துக்கொண்டாள். என் அம்மாவும் அப்படித்தான் என்னைப் பறித்திருப்பாள்.

பிள்ளை தங்கிவிட்டது. போச்சம்பள்ளியில் கம்பெனி வேலை. கழுத்தில் தொங்கும் அட்டையில் வேறு பெயர். என் வாசலுக்கு வந்தால் மட்டும், "தவுட்டம்மா வந்திருக்கேன்" என்பாள்.

இப்போது தவிடு மில்லிலிருந்து நேராகத் தீவனத்துக்குப் போகிறது. பிள்ளையைக் கொடுத்து வாங்குகிறவர்கள் யாருமில்லை. எங்கள் தெருவில் மூன்று வீட்டில் குழந்தைக்கு ஒரே பெயர், கூப்பிட்டால் மூன்றும் திரும்புகின்றன. பாவம், ஒன்றைப் பார்த்து ஒன்று பொறாமைப்படக்கூட வழியில்லை. என் பேத்தியும் அதில் ஒருத்தி. எழுத்துக் கூட்டி எழுதிய இதை அவளிடம்தான் கொடுக்கிறேன். படி கண்ணு, பிழை இருந்தாலும் நிறுத்தாதே. என் பெயர் வருகிற இடத்தில் மட்டும் குரலை இறக்காதே.