லைசென்சு போட வந்தவருக்கு எதற்குக் கடவுச்சொல்?

மலேசியாவில், செலண்டாரில் எங்கள் வீட்டில் மூன்று கம்ப்யூட்டர்கள். பேங்க் முதல் எல்லாக் கடவுச்சொற்களையும் ஒரு மென்பொருளில் பூட்டியிருக்கிறோம். அதைத் திறக்கும் சொல்லை மருமகள் ஒரு தாளில் எழுதி, ஆங்கிலம் வாசிக்காத என்னிடம் கொடுத்திருந்தாள், அதுதான் பத்திரமாம்.

அந்த மென்பொருளின் புதிய பதிப்பைப் போடக் கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்தார்.

"பாஸ்வர்ட் எழுதின தாள் இருந்தாக் குடுங்கம்மா, மூனுக்கும் லைசென்சு போட்டுர்றேன்."

"லைசென்சுக்கு எதுக்கு பாஸ்வர்ட்?"

"சொன்னா உங்களுக்குப் புரியாதுலா."

எனக்குச் சுருக்கென்றது. "புரியிற மருமக வரட்டும், உட்காருங்க" என்றேன். அவசர வேலை என்று போய்விட்டார்.

மாலையில் நடந்ததைக் கேட்டு மருமகள் பதறினாள். "இது குடும்ப லைசென்சு அத்தை, மூனுலயும் நாமே போட்டுக்கலாம். தாளக் குடுத்திருந்தா பேங்க் வரைக்கும் போயிருக்கும்."

அன்றே கடவுச்சொல்லை மாற்றினோம். இப்போது தாளே கிடையாது. எழுத்துகளின் உருவத்தை மனப்பாடம் செய்து, நானே ஒவ்வொன்றாகத் தேடி அடிக்கிறேன். அப்போது பின்னால் யாரையும் நிற்க விடுவதில்லை, மகனைக்கூட.