புகை அலாரத்துப் பழைய பேட்டரி

கரகர சாரைத் தெருவில் யாரும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பன்னிரண்டு வருடம் காது கேட்கும் கருவிகளைப் பழுது பார்த்தவர். துளி இரைச்சல் கேட்டாலும் துரத்தித் துரத்திப் பிடித்து வெளியே தள்ளுவார். அப்படிப்பட்ட மனிதர் வேலையை விட்டுவிட்டு, நல்ல கிட்டார் ஒலியை வேண்டுமென்றே கெடுக்கிற பெட்டி செய்ய உட்கார்ந்தால் தெரு சும்மா இருக்குமா? பெயர் வைத்துவிட்டது.

அந்தப் பெட்டிதான் பெடல். சோப்புப் பெட்டி அளவில் ஒரு உலோக டப்பா. கிட்டார்காரர் காலால் அமுக்கினால் போதும், சாதுவான ஒலி கரகரத்துக்கொண்டு சண்டைக்கு வரும். சாரின் பெடலில் இன்னொரு வித்தையும் உண்டு. ஒரு ஸ்வரத்தை மீட்டினால் அதன் மேல் ஸ்தாயி ஸ்வரமும் கூடவே எழுந்து பாட வேண்டும். அதுவோ மூன்று வாரமாகப் பாடாமல், டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி கத்திக்கொண்டிருந்தது. மாடி வீட்டுப் பெரியவர் இறங்கி வந்து, "தம்பி, ரேடியோ கெட்டுப்போச்சுன்னா சொல்லுங்க, எங்க வீட்டுல ஒண்ணு சும்மாதான் கிடக்கு" என்றார்.

பட்டறை என்பது சமையலறைக்குப் பின்னால் வாஷிங் மெஷின் இருக்கும் அறை. மெஷின்மேல் பலகை போட்டால் மேஜை. துணி சுற்றும்போது பலகை அதிரும், ஒயரைப் பற்றவைக்கும் சால்டரிங் செய்யக் கை நிற்காது. ஆகவே அவருடைய வேலை நேரத்தை அழுக்குத் துணி முடிவு செய்தது.

மனைவி கணக்கு டீச்சர். வேலையை விடுகிறேன் என்று இவர் சொன்னபோது அந்த அம்மாள் கத்தவில்லை, அழவில்லை. "ஒரு வருஷம். அதுக்குள்ள ஒரு கடையாவது உங்க பெடலை எடுத்துக்கணும். இல்லேன்னா பேசாம பழைய வேலைக்குப் போயிடணும். சரியா?" என்று மட்டும் கேட்டார். சார் தலையாட்டினார். பழைய முதலாளி நல்ல மனுஷன், அதுதான் தொல்லையே. மாதம் தவறாமல் போன் செய்து, "நாற்காலி காலியாத்தான் இருக்கு, எப்ப வர்றார்?" என்பார். போன் அடித்ததும் சார் குளியலறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொள்வார். டீச்சர்தான் பேசி அனுப்புவார்: "மாசக் கடைசில சொல்றோம் சார்."

டீச்சர் கொடுத்த வருடம் முடிய ஒரு வாரம் இருந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் வழக்கம்போல் போன் வந்தது, வழக்கம்போல் சார் ஓடினார். திரும்பி வந்து உட்கார்ந்து கிட்டாரைத் தொட்டவர் அப்படியே உறைந்துபோனார். பெடல் பாடியது! கரகரப்பு கம்பளி மாதிரி கனத்து, மெத்தென்று இருந்தது. அதன் தலைக்கு மேலே மேல் ஸ்தாயி, புல்லாங்குழலாக, பிசிறில்லாமல். ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். குதித்த சூட்டோடு பெரிய இசைக்கருவிக் கடைக்காரருக்குப் போன் போட்டு, "வெள்ளிக்கிழமை வந்து கேளுங்க சார்" என்று சொல்லியும் விட்டார். பிறகு பெடலின் மூன்று குமிழ்களின் நிலையைக் குறித்துக்கொண்டு, வெள்ளிக்கிழமைக்கென்று கடையில் புதுப் பேட்டரி வாங்கி வந்து போட்டு, பழையதைக் குப்பையில் எறிந்துவிட்டு டப்பாவை மூடினார்.

வியாழக்கிழமை காலை ஒரு தடவை வாசித்துப் பார்த்தார். வண்டு திரும்பி வந்திருந்தது.

டயோடை மாற்றினார், டிரான்சிஸ்டரை மாற்றினார், ஒயரை மாற்றினார், ஜன்னலை மூடினார், மின்விசிறியை நிறுத்தினார். சாயங்காலம் டீச்சர் வீடு திரும்பியபோது வேர்த்து வழிந்துகொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"போச்சும்மா. எல்லாம் போச்சு. திங்கக்கிழமை இருந்தது இன்னைக்கு இல்ல. நாளைக்கு அந்த மனுஷன் முன்னால என் மானம்தான் போகப்போகுது."

"திங்கக்கிழமையா?" டீச்சர் பையைக் கீழே வைத்தார். "அன்னைக்குத்தானே நான் பேட்டரி மாத்தினேன்?"

"என்ன பேட்டரி?"

"சமையக்கட்டுப் புகை அலாரம் பேட்டரி தீர்ந்துபோய்க் கீச்சு கீச்சுன்னு உயிரை எடுத்துச்சு. உங்க முதலாளி பேசுறது ஒண்ணும் கேக்கல. வீட்டுல வேற பேட்டரி இல்ல. நீங்க குளியலறைல இருந்தீங்க. உங்களோடதைக் கழட்டி அலாரத்துல போட்டுட்டு, அதோடதை உங்களுக்குப் போட்டேன்."

"ஏன் சொல்லல?"

"எங்க சொல்ல? நீங்கதான் குதிச்சுக்கிட்டு இருந்தீங்களே!"

சார் தலையில் அடித்துக்கொண்டார். குப்பைக் கூடையைக் கவிழ்த்து, பழைய பேட்டரியைத் தேடி எடுத்து மீட்டரில் வைத்தார். ஒன்பது வோல்ட் இருக்கவேண்டியது ஏழுதான் இருந்தது. முக்கால்வாசி செத்த பேட்டரி. டப்பாவில் மாட்டினார், புல்லாங்குழல் வந்துவிட்டது. ஒரு சின்ன இரைச்சலைக்கூடக் கோட்டைவிடாத காது, அலாரத்தின் பேட்டரி கீச்சிட்டுச் செத்துக்கொண்டிருந்ததைக் கோட்டைவிட்டதை நினைத்து அவருக்கு வெட்கமாகவும் சிரிப்பாகவும் வந்தது.

"இதையே நாளைக்கு வச்சு வாசிச்சிடுங்களேன்" என்றார் டீச்சர்.

"வாங்குறவங்களுக்கெல்லாம் செத்த பேட்டரிக்கு நான் எங்கம்மா போவேன்?"

கேட்ட வாயிலேயே பதிலும் வந்தது. புதுப் பேட்டரிக்கும் சர்க்யூட்டுக்கும் நடுவில் ஒரு குமிழை வைத்து, வோல்ட்டைக் குறைத்தால் ஆயிற்று. டீச்சர் அன்றைய துணியை வாளியிலேயே ஊற விட்டார். மேஜை அதிரவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே டப்பாவில் நான்காவது குமிழ் ஏறிவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைக்காரர் வந்தார். சிரித்தால் வரி கட்டவேண்டும் என்பதுபோல் ஒரு முகம். அழுக்குத் துணி வாளியைத் தாண்டி உட்கார்ந்து அரைமணி நேரம் வாசித்தார். சாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"இது எதுக்கு? பேரே எழுதலையே" என்று கடைக்காரர் நான்காவது குமிழைத் தொட்டார்.

சார் வாயைத் திறப்பதற்குள் அறை வாசலில் நின்ற டீச்சர், "அது பேட்டரியைக் கிழவனாக்குற குமிழ் சார். இடது பக்கம் திருப்புங்க" என்றார்.

திருப்பினார். ஒரு ஸ்வரம் மீட்டினார். மேல் ஸ்தாயி எழுந்து அறையெங்கும் நின்றது. கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது முகமெல்லாம் பல்.

"முதல்ல இருபது செஞ்சு குடுங்க. இந்தக் குமிழ் மட்டும் எல்லாத்துலயும் இருக்கணும்."

அவரை வாசல்வரை அனுப்பிவிட்டுத் திரும்பினால், டீச்சர் போனைக் காதில் வைத்திருந்தார். சார் பழக்கதோஷத்தில் குளியலறைப் பக்கம் இரண்டடி வைத்தார்.

"சார், நான்தான் பேசறேன்" என்றார் டீச்சர் பழைய முதலாளியிடம். "அந்த நாற்காலியை இனிமே காலியா வச்சிருக்க வேண்டாம். வேற யாருக்காவது குடுத்துடுங்க. அவர் வரமாட்டார்."

சார் அங்கேயே நின்றார். பிறகு வந்து டீச்சர் கையிலிருந்த போனை வாங்கி, "ஆமா சார், நான் வரல" என்று ஒரு வருடத்தில் முதல் தடவையாகத் தானே சொன்னார்.