வாசல் மேசையில் உப்புப் பொட்டலங்கள்

சுதந்திர தினத்துக்கு உப்புச் சத்தியாக்கிரகத்தை நாடகமாகப் போடலாம் என்று எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் சொன்னபோது, வசனம் எழுத உடனே ஒப்புக்கொண்டேன். பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் எனக்கு வேலை தரக்கட்டுப்பாடு. வீட்டுக்கு வந்தால் வரலாறு. எந்தச் சட்டம் எந்த ஆண்டில் வந்தது என்று நான் திருத்துவதால், சங்கத்துக் கூட்டங்களில் நான் கையைத் தூக்கினாலே சிலர் சிரிப்பார்கள்.

உப்புச் சட்டம் 1882, தண்டிக்குப் புறப்பட்டது 1930 மார்ச் 12, உப்பை அள்ளியது ஏப்ரல் 6 என்று தேதிகளோடு எழுதிக் கொடுத்தேன். கன்னடக்காரர்கள், தங்கள் கடற்கரையில் உப்பெடுத்த அங்கோலாவும் நாடகத்தில் வர வேண்டும் என்றார்கள். நம்மவர்கள் வேதாரண்யம் என்றார்கள். இரண்டும் அதே ஏப்ரலில்தான் என்று சொல்லி இரண்டையும் சேர்த்தேன். வெள்ளைக்கார அதிகாரி வேடத்துக்கு யாரும் வரவில்லை. செயலாளரே போட்டுக்கொண்டார். “இந்த அபார்ட்மெண்ட்லயே சட்டைய இவ்ளோ ஒழுங்கா பேண்ட்டுக்குள்ள சொருகறது இவரு ஒருத்தர்தான்” என்று சொல்லிக்கொண்டே அவர் மனைவி கண்மையால் மீசை வரைந்துவிட்டார்.

நாடகம் நன்றாகவே நடந்தது. சத்தியாக்கிரகிகளின் மூடிய கைகளைப் போலீஸ் பிரிக்கப் பார்க்கும் காட்சியில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முடிந்ததும், மூவர்ண ரிப்பன் கட்டிய கல்லுப்புப் பொட்டலங்களைச் செயலாளர் எல்லோருக்கும் ஆளுக்கு ஒன்றாகத் தன் கையாலேயே கொடுத்தார். விடுமுறை நாளிலும் கேசரிபாத் கிண்டிப் பரிமாறுவதற்காக வரவழைக்கப்பட்டிருந்த வீட்டுவேலைப் பெண்களுக்கும் கொடுத்தார். அவர்களில் ஒருவர், எங்கள் வீட்டில் சமைக்கும் அக்கா. அத்திபெலேயிலிருந்து பஸ்ஸில் வருபவர். எங்கள் பிளாக்கில் ஐந்து வீடுகளில் சமைக்கிறார். அந்த ஐந்து வீடுகள்தான் அவருடைய குடும்பத்துக்கு அடுப்பு.

எங்கள் வாசலில் ஒரு விதி உண்டு. வேலைக்கு வருபவர்கள் வெளியே போகும்போது காவலாளியின் மேசைமேல் பையைத் திறந்து காட்ட வேண்டும். உள்ளே எந்தப் பொருள் இருந்தாலும், அதைக் கொடுத்த வீட்டுக்காரர் கைப்பேசிச் செயலியில் ஒப்புதல் தர வேண்டும். பழைய சேலை, மீந்த சாம்பார், ஒரு சீப்பு வாழைப்பழம், எதற்கும் ஒப்புதல். செயலியில் முதலில் கேட்பது வீட்டு எண்.

உப்பைக் கொடுத்தது சங்கம். சங்கத்துக்கு வீட்டு எண் கிடையாது.

அன்று நான் நாற்காலிகளை எண்ணித் திருப்பி அனுப்புவதற்காக வாசலில் நின்றிருந்தேன்.

“இது உப்புப்பா. உங்க செகரட்டரியே கையில குடுத்தாரு” என்று அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்.

“தெரியும்கா, எனக்கும்தான் குடுத்தாரு” என்றார் காவலாளி. ஓசூர்ப் பக்கத்துக்காரர். “எந்த வீடுன்னு போடறது? வீட்டு நம்பர் போடாம அடுத்த பக்கம் போகவே மாட்டேங்குது. வச்சிட்டுப் போய்டுங்கக்கா. பத்து ரூவா உப்பு.”

முன்னால் போன பெண்கள் அப்படித்தான் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மேசைமேல் ரிப்பன் கட்டிய பொட்டலங்கள் வரிசையாக இருந்தன. அரைமணி நேரத்துக்கு முன்பு இதையேதான் மேடையில் காட்டிக் கைதட்டு வாங்கியிருந்தோம்!

“வைக்க மாட்டேன்” என்றார் அக்கா. “பையும் தொறக்க மாட்டேன். போ, யாரை வேணா கூப்புடு.” பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நடந்து வெளியே போய்விட்டார்.

காவல் மேற்பார்வையாளர் ஓடி வந்து செயலியில் அவர் பெயரை முடக்கினார். காரணம்: சோதனைக்கு மறுப்பு. மறுநாள் முதல் அவர் உள்ளே வர முடியாது. ஐந்து வீடுகளும் போயின.

நேரே செயலாளரிடம் போனேன். மீசையை இன்னும் அழிக்கவில்லை. நாடகத்து அதிகாரித் தொப்பியும் தலையிலேயே இருந்தது.

“உப்பு விஷயம் நம்ம தப்புதான் மேடம், ஒத்துக்கறேன். ஆனா செக்கிங் மாட்டேன்னா எப்டி? ரூல்னா எல்லாருக்கும் ரூல்.”

“எல்லாருக்கும்னா? என் பைய என்னிக்காவது தொறந்து பாத்திருக்கீங்களா?”

“நீங்க ஓனர் மேடம்.”

“அந்தத் தொப்பியக் கழட்டிட்டுப் பேசுங்க சார்.”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “ரெண்டு வரி மன்னிப்பு எழுதித் தரட்டும், எடுத்துடறேன்” என்று கதவைச் சாத்தினார்.

வரியின் பாரம் தாங்காமல்தான் மக்கள் கிளர்ந்தெழுகிறார்கள் என்று நாம் படித்திருக்கிறோம். பாரம் உண்மைதான். ஆனால் தேதிகளை அடுக்கிப் பார்த்தால் எனக்கு வேறொன்றும் தெரிகிறது. பாஸ்டனில் தேயிலையைக் கடலில் கொட்டியது 1773-ல். அதற்கு முன்பே, 1761-ல், கடத்தல் சரக்கைத் தேடி எந்த வீட்டுக்குள்ளும் நுழைய அதிகாரிகளுக்கு அனுமதி தந்த உத்தரவை எதிர்த்து அதே ஊரில் வழக்கு நடந்தது. நம் நாட்டில் உப்பு வரிக்காகவே ஒரு முள்வேலியை வளர்த்து, அதைக் கடக்கும் ஏழைகளைச் சாவடியில் நிறுத்தி மூட்டையைக் கிளறினார்கள். 1879-ல்தான் அதைக் கைவிட்டார்கள். காசைப் பிடுங்கியதோடு அந்த அரசுகள் நிற்கவில்லை. நீ திருடன், இல்லையென்று தினமும் நீயே காட்டு என்றும் சொல்லின. அதை எப்படிப் பொறுப்பது? வெள்ளைக்காரன் போய்விட்டான். மேசையை நாம் வைத்துக்கொண்டோம்.

மன்னிப்புக் கதையை அக்காவிடம் போனில் சொன்னேன்.

“எதுக்கு மேடம் மன்னிப்பு? நான் என்ன எடுத்தேன்? தெனம் என் டப்பாவத் தொறந்து மோந்து பாக்கறான். பீரியட்ஸ் நாப்கின் வச்சிருக்கற பையையும் தொறன்றான், பின்னாடி பத்துப் பேரு நிக்கறாங்க. நீங்க யாரும் அதப் பாத்ததில்ல, கார்ல போயிடறீங்க.”

“வேலை போயிடுமேக்கா.”

“போவும். எழுதிக் குடுத்தா மட்டும் என்ன? அப்பறம் எந்த வீட்ல எது காணாப் போனாலும் என்னைத்தான் கேப்பாங்க.”

மறுநாள் காலை அவர் வந்தார். தனியாக வரவில்லை. வழக்கமாக வரும் பெண்கள் அத்தனை பேரும் வாசலுக்கு வெளியே நின்றார்கள், உள்ளே வரவில்லை. கோஷம் எதுவும் இல்லை. “கார் டிக்கியத் தொறந்து காட்டச் சொல்லு, நாங்க பையத் தொறக்கறோம்” என்று அவர்களில் ஒருவர் காவலாளியிடம் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். காவலாளியும் சிரிப்பை அடக்கத்தான் பார்த்தார்.

உள்ளே நிலைமை வேறு. பள்ளிக்கூட டப்பா ரெடியாகவில்லை. கம்பெனி கேப் கீழே ஹாரன் அடிக்கிறது. வாட்ஸப் குழுவில், முந்தைய நாள் கொடிப் படம் போட்டவர்களே “இவங்களுக்கு இவ்ளோ திமிரா” என்று எழுதினார்கள். அடுத்த செய்தியிலேயே “செகரட்டரி ப்ளீஸ் சால்வ் பண்ணுங்க” என்றும் எழுதினார்கள்.

செயலாளர் இறங்கி வந்தார். முடக்கத்தை எடுத்துவிடுவதாகச் சொன்னார். மன்னிப்பும் வேண்டாமாம். “அந்த உப்ப என் ஃபிளாட் நம்பர்ல நானே அப்ரூவ் பண்ணிடறேன்மா. ரெக்கார்டு நேராயிடும். சரியா?” போனை எடுத்துத் தயாராக நின்றார்.

“வேணாம் சார்” என்றார் அக்கா. “நீங்க பர்மிஷன் குடுத்தா அது உங்க உப்பு ஆயிடும். எனக்குக் குடுத்துட்டீங்க இல்ல? அப்ப அது என்னுது.”

பின்னால் ஹாரன்கள் கூடிக்கொண்டே போயின. கடைசியில் செயலாளர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பைச் சோதனை அடுத்த பொதுக்குழு வரை நிறுத்தி வைக்கப்படுகிறது என்று வாயாலேயே அறிவித்தார். எழுத்தில் கேட்டேன். தரவில்லை.

அக்கா உள்ளே வந்தார். வழியில் மேசையருகே நின்று, அங்கே கிடந்த பொட்டலங்களை எடுத்து, பின்னால் வந்த பெண்களிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்தார். இரவுத் தூறலில் நனைந்து சில கரைந்திருந்தன. அவற்றையும் வாங்கிக்கொண்டார்கள்.

பொதுக்குழு இன்னும் கூடவில்லை. மேசை அங்கேயேதான் இருக்கிறது. குடியரசு தினத்துக்கு அரசியல் சட்டம் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொல்லிச் செயலாளர் கேட்டார். முதலில் அந்த மேசையை எடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.